ஒருவழிக்கொள்கை: கிறிஸ்து சமயமும் நமது கடமையும்

மெய்ப்பொருள் ஒன்றே என்பது சமயவாதிகள் பலர்க்கும் ஒப்பமுடிந்த துணிபு. அம்மெய்ப்பொருளை அடைதற்குரிய வழியும் ஒன்றேயோ, பலவோ என்னும் வினாவின்கண்ணே அவர் தம்முள் வேறுபடுவர். வழி ஒன்றே, அது கிறிஸ்துவே, அவரையன்றி ஒருவருக்கும் இரட்சிப்பு இல்லை என்று கூறுவது கிறிஸ்து சமயம். யாழ்ப்பாணத்திலே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வுரை கேட்கப்பட்டு வருகின்றது. கேட்டவருள்ளே சிலர் இதனை மெய்யென்று கொண்டு அதன்பொருட்டுப் பெரிய இழப்புக்களை அடைந்தனர். சிலர் இதனை ஆராய்ந்து மறுத்து நூலெழுதினர். மிகப் பலரோ யாதும் ஆராயாது, எல்லாம் ஒன்றே என்று ஒரு சொற் சொல்லி வாளாவிருந்தனர். இம்மூவகையாருள் மெய்ப்பொருளுக்கு அணியராயினார் யாவர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒருவழிக்கொள்கை என்பது இரண்டு கூறுடையது. தான் மெய்யென்று துணிந்த நெறியிலே மனம் வாக்குக் காயம் மூன்றும் வேறுபடாது நிற்றல் ஒன்று. அந்நெறியின் நில்லாதார் யாவரும் கதியடையாரென்று துணிதல் மற்றொன்று. முன்னையதை உறுதிப்பாடு என்போம். பின்னையதை விலக்கு என்போம். இவ்விரண்டையும் பிரித்தறியாது ஒன்றாக வைத்துப் புகழ்தலும் இகழ்தலுமே நம் நாட்டிலே நிகழும் பெரும்பாலான சமயவாதங்களின் குற்றமாம். உறுதிப்பாடு எச்சமயத்தார்க்கும் இன்றியமையாதது. விலக்கோ ஆராயத்தக்கது.

முதலிலே கிறிஸ்தவர் கூறுவதனை அவர் கருத்து வழியே அறிதல் முறையாகும். கடவுள் ஒருவர், மனிதர் அவர் கட்டளையை மீறிப் பாவத்துட் பட்டனர், தம் முயற்சியால் அப்பாவத்தினின்றும் நீங்கமாட்டார், ஆதலாற் கடவுளின் குமாரரே ஒரு முறை மனிதராய்ப் பிறந்து, பாடுபட்டு மரித்து, உயிர்த்தெழுந்து அவர்களை மீட்டார் என்பது அவர் சித்தாந்தம். தாமே பிதாவினிடத்துச் செல்லும் வழியென்று இயேசு கூறியதாக யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரம் சொல்லுகின்றது. நோய் ஒன்று, மருந்து ஒன்று, அதனைத் தந்த மருத்துவர் ஒருவர் என்று நம்பியவர் வேறு மருந்து உண்டென்று எங்ஙனம் சொல்லுவர்? ஆகவே அவர் ஒருவழி கூறுதல் செருக்கினாலன்று; தம் முதற்கோளினின்றும் தருக்கமுறையாற் பெறப்பட்ட முடிவினாலேயாம். மறுக்கப் புகுவோர் அம்முதற்கோளை மறுத்தல் வேண்டும். அவர்தம் குணத்தை இகழ்தல் மறுப்பாகாது.

இனி, அந்நெறியை மேற்கொண்ட யாழ்ப்பாணத்தார் ஒருவருக்கு அஃது எத்துணை அரிதாயிற்றென்பதை நோக்குக. நம்மவர் வாழ்வு முழுவதும் சமயக்கிரியையோடு பின்னிக் கிடப்பது. நெற்றியில் விபூதி, தைப்பொங்கல், கோயிற்றிருவிழா, குலதெய்வத்துக்கு இடும் மடை, தந்தை இறந்தவழிக் கொள்ளி வைத்தல், எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆடியமாவாசையிற் கீரிமலைத் தீர்த்தம் ஆகிய இவற்றுள் எதனை விட்டாலும் ஒருவன் கடவுளை மாத்திரமன்றித் தன் தாயையும் தமையனையும் விட்டவனாகவே கருதப்படுவான். பத்துக் கற்பனைகளுள் முதலாவது பிறதேவரை விலக்குதலின், பாதிரிமார் இவையெல்லாவற்றையும் விடும்படி கேட்டனர். மூத்த மகன் ஞானஸ்நானம் பெற்றுத் தந்தைக்குக் கொள்ளி வைக்க மறுப்பின், அவ்வீட்டார் அடையுந் துயரம் சிறிதன்று. அவன் அடையுந் துயரமும் சிறிதன்று. அவனைப் பித்தனென்று சொல்லுதல் எளிது. ஆயினும் தான் மெய்யென்று கண்டதன்பொருட்டு முதுசத்தையும் சுற்றத்தையும் இழக்கத் துணிதல் எளிதன்று. துறவு என்று நம் நூல்கள் போற்றுவதன் ஒரு கூறு அவனிடத்தும் உளதன்றோ?

இதற்கு நம் சரித்திரத்திலே கொடிய சான்று ஒன்று உண்டு. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவர் ஒருவராலே மன்னாரிற் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். 1544ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தரசனாகிய சங்கிலி அவர்களை வாளாற் கொல்வித்தான். இறந்தோர் அறுநூற்றுவர் வரையினர் என்பர். போர்த்துக்கேயரின் படைவலியைக் குறித்த அச்சமே அரசனை அங்ஙனம் செய்வித்தது என்று சமாதானஞ் சொல்வாருளர். அச்சம் காரணமாகலாம், நியாயமாகாது. ஆன்மாக்கள் பக்குவத்துக்கேற்ப நெறிப்படுவன என்றும், ஆணவமலம் பரிபாகமுற்றபோதே சத்திநிபாதம் உண்டாமென்றும் கூறுஞ் சைவசித்தாந்தத்தை உடையார், ஒருவன் வேற்று நெறியைத் தழுவியதற்காக அவன் உடம்பை வெட்டுதல் தம் சித்தாந்தத்தையே வெட்டுதலாம். சங்கிலி தமிழரசன் என்று பெருமை பேசுவோர் இதனையும் உடன்பேசுதல் வேண்டும்.

வாள் பின்னர்க் கைமாறியது. 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தம் ஆட்சியிற் கொண்டனர். 1621ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. 1658ஆம் ஆண்டிலே வந்த ஒல்லாந்தர் தம் சபையின் ஞானஸ்நானமும் அச்சபையிற் பதிந்த விவாகமும் உடையார்க்கே உத்தியோகமும் உரிமையும் என்று விதித்தனர். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் பாடசாலையும் பெயர்ப்பதிவும் இருந்தன. அதன் பயன் யாது? பதிவுப் புத்தகத்திலே கிறிஸ்தவர் பெருகினர். வீட்டின் உள்ளறையிலே சிவபூசை நடந்தது. விரதநாளிலே உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லப்படுகின்றது. 1795ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்தபின், ஏட்டிலே இருந்த அப்பெருந்தொகை வெயில் கண்ட பனிபோல மறைந்தது.

ஒல்லாந்தர் சைவரை மாத்திரம் வருத்தினாரல்லர்; அதே கிறிஸ்துவை வணங்கிய கத்தோலிக்கரையும் வருத்தினர். கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னுங் குருவானவர் 1687ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, இரவலர் வேடத்தோடு யாழ்ப்பாணம் புகுந்து, சில்லாலையிலே மறைந்திருந்து தம் மக்களைப் பேணினார். அவருக்கு 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பிலே புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. வழி ஒன்றென்பார் அவ்வொரு வழியின் எல்லை யாதென்பதிலே தம்முள் மாறுபட்டு, ஒருவர் ஒருவரை ஒளித்திருக்கும்படி செய்தமை ஈண்டு உற்றுநோக்கற்பாலது. விலக்கானது அரசாணையோடு கூடுமாயின் மெய்யன்பரை ஒளிப்பிலும் மற்றையோரைப் பொய்யிலும் புகுத்தும். அது சைவ அரசனிடத்தும் அவ்வாறே. கிறிஸ்தவ அரசரிடத்தும் அவ்வாறே.

அடுத்து வந்தது பள்ளிக்கூடத்தின் காலம். 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனார் தெல்லிப்பழையிலே தம் பணியைத் தொடங்கினர். 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் அவர் தாபித்த செமினரி, கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் தமிழும் கற்பித்து ஆசியாக் கண்டத்திலே பெயர்பெற்றது. இங்கே வாளுமில்லை, கட்டாயப் பதிவுமில்லை. ஆயினும் கல்வியின் பின்னே உத்தியோகம் இருந்தது. உத்தியோகத்தை நோக்கியே பலர் கற்றனர். மாணாக்கர் ஆங்கிலத்தைக் கொண்டு அலுவல் தேடுகின்றனர், சபையோ வளரவில்லை என்னும் மனக்குறை மிஷனாருள்ளே வலுத்தது. அதுவும் ஒரு காரணமாக 1855ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. விசுவாசத்தைப் பயனுக்கு விலையாக வைத்தால், பயன் கிடைத்தபின் விசுவாசம் நில்லாது. இதனை அறிந்து தம் பெரிய கல்விக்கூடத்தையே மூடத் துணிந்த அவர்தம் நேர்மையையும் மறைத்தல் தகாது.

அக்கல்விக்கூடத்திற் பயின்றவருள் இருவரை இங்கே நினைத்தல் வேண்டும். கறோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள். விசுவநாதபிள்ளை, ஆறுமுகநாவலர் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தை மறுத்துச் சுப்பிரதீபம் எழுதியவர், பின்னர்ச் சைவராயினார். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்து, சைவராகி, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அழியாது அச்சேற்றிய பேருபகாரி. நம்மவர் இவ்விருவரையும் வெற்றிக்கொடிகளாகக் காட்டுவர். யாம் அவரிடத்துக் கற்கவேண்டியது வேறு. அவர் ஒரு சமயத்தை அறியாமையால் விட்டவரல்லர். கற்று, வாதித்து, பின்பு தாம் கண்டதன் வழியே நின்றவர். இங்ஙனம் ஆராய்ந்து வந்தவரைப் போற்றும் நாம், ஆராய்ந்து சென்றவரைத் தூற்றுதல் நீதியன்று.

நாவலரது வரலாறும் இதனையே வலியுறுத்தும். அவர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து பைபிலைத் தமிழாக்குதற்குத் துணைபுரிந்தவர். அந்நூலை வரிவரியாகக் கற்றவர். கற்றும் தம் நெற்றியின் விபூதியை நீக்காதவர். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அவ்வேலையையும் விட்டார். சைவதூஷணபரிகாரத்திலே, பழைய ஏற்பாட்டிற் கூறப்படும் ஆலயமும் பலியும் தூபதீபமும் தூய்மைவிதிகளும் சைவக்கிரியைகளோடு ஒத்திருத்தலைக் காட்டி, இவற்றை அஞ்ஞானமென்பார் தம் வேதத்தையும் அங்ஙனம் சொல்லவேண்டிவரும் என்று வாதித்தார். அவரும் ஒருவகையிலே ஒருவழிக்கொள்கையரே. சிவதீக்ஷை பெற்றோர் சிறுதெய்வங்களுக்கு உயிர்ப்பலியிடுதலை அவர் கடுமையாகக் கண்டித்தார். எல்லாம் ஒன்றே என்று தழுவிப்போகவில்லை. உறுதிப்பாடு அவரிடத்து முழுவதும் இருந்தது. அதனாலன்றோ அவர் சொல்லுக்கு வலி உண்டாயிற்று?

இனி விலக்கை ஆராய்வாம். கடவுள் எல்லா உயிர்க்கும் தந்தையென்று கிறிஸ்தவரும் கூறுவர். இயேசு பிறத்தற்கு முன்னே வாழ்ந்தோரும், அவர் பெயரையே கேளாது இறந்தோரும் எண்ணிறந்தோர். கேளாமை அவர் குற்றமன்று. குற்றமில்லாதவரைத் தண்டித்தல் நீதியுமன்று, அருளுமன்று. ஆதலின், கேளாதார் யாவரும் கெடுவரென்னின் கடவுளின் நீதிக்கு இழுக்கு. கெடாரென்னின் விலக்குத் தளர்ந்தது. பிறவி ஒன்றே என்று கொண்டமையால் அவர்க்கு இவ்விடர் பின்னும் பெரிதாயிற்று. ஒரு குறுகிய வாழ்நாளிலே தற்செயலாகக் கேட்டதும் கேளாததும் முடிவற்ற காலத்துக்கு விதியாகுமோ?

கிறிஸ்தவ அறிஞர் இவ்வினாவை உணராதவரல்லர். கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருந்தும் நேரிய மனத்தோடு கடவுளைத் தேடி மனச்சாட்சியின்படி ஒழுகுவோரும் இரட்சிப்படையலாம் என்று 1964ஆம் ஆண்டிற் கூறிற்று. பிறசமயங்களிலுள்ள மெய்யானதும் தூயதுமாகிய எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965 ஒக்டோபர் 28ஆம் நாள் அறிவித்தது. ஆயினும் அவ்விரட்சிப்பும் கிறிஸ்துவினாலேயே வருவதென்பதை அவர் கைவிடவில்லை. 2000ஆம் ஆண்டிலே அதனை மீளவும் வற்புறுத்தினர். வழி ஒன்றே, ஆயின் தாம் செல்வது எவ்வழியென்று அறியாமலே அதிற் செல்வோரும் உளர் என்பது இதன் கருத்தாகும்.

இதனைக் கேட்டு நம்மவர் நகையாடுவர். பொறுமின். நாம் கூறுவது யாது? புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று சமயங்களை நால்வகைப்படுத்தி, அவற்றைச் சோபானமாக, அஃதாவது படிகளாக வைத்து, மேற்படியிலே சித்தாந்த சைவத்தை வைக்கின்றோம். யார் எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் தருபவன் சிவனே என்கின்றோம். கிறிஸ்தவர் ஒருவரை நோக்கி, "நீர் அறியாது சிவனையே வணங்குகின்றீர்" என்றால், அவர் நம்மை நோக்கி, "நீர் அறியாது கிறிஸ்துவையே வணங்குகின்றீர்" என்று சொல்லும்போது நமக்கு உண்டாகும் வருத்தமே அவருக்கும் உண்டாகும். அன்போடு சொல்லப்படினும், மற்றவர் தம் நாவாற் சொல்வதைக் கேளாது நம் பொருளை அவர்மேல் ஏற்றுவதாகவே அது முடியும்.

அற்றேல் இரண்டும் ஒன்றேயோவெனின், அன்று. படியென்பது ஏறுதற்குரியது, ஒருவரையும் கீழே தள்ளுதற்குரியதன்று. பிறவி பலவாதலின் எவ்வுயிர்க்கும் காலம் உண்டு. ஆணவமலத்தின் மறைப்பு நீங்குமளவும் முதல்வன் கைவிடான். முடிவில் தள்ளுண்டு கிடக்கும் உயிர் ஒன்றேனும் உண்டென்று சித்தாந்தம் துணியாது. இப்பிறவியிற் கிறிஸ்துவை வழிபடுவானுக்கு அவ்வழிபாடு வீணாகாது. அன்பு எங்கே உளதோ அங்கே வினை தேயும். ஆகவே உயர்வு தாழ்வு சொல்லுதலில் இரண்டும் ஒப்பினும், முடிவிலே ஒருவரையும் இழவாமையிற் சைவம் வேறுபடும். நாம் பெருமை கொள்ளத்தக்கது இவ்வொன்றே.

ஆயினும் நூலிலே எழுதிய விரிவு வாயிலிலே காணப்படாதாயின் அதனாற் பயன் யாது? வழி பலவென்று சொன்ன நாம், சிவனடியையே விரும்பி வந்த சைவரைச் சாதி சொல்லிக் கோயில் வாயிலிலே தடுத்தோம். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் ஏற்பட்ட பின்னரும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றிலிலே, உட்புகுந்து வணங்கும் உரிமை கேட்டு அடியவர் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியதாயிற்று. வழி ஒன்றென்ற கிறிஸ்தவரோ, அவ்வழியிலே யாவரும் வருக என்றனர். அவர் சபைக்குள்ளும் சாதி புகுந்து பன்னாட் குடியிருந்ததென்பது மெய். ஆயினும் அதனைக் குற்றமென்று சொல்ல அவர்க்கு அவர் வேதமே துணைநின்றது. நமக்கும் துணைநிற்க நந்தனாரும் திருநாளைப்போவார் சரித்திரமும் இருந்தன. நாம் அவரைக் குருபூசைக்கு வைத்துக்கொண்டு வாயிலை அடைத்தோம். ஒரே வாயிலைத் திறந்து வைத்தவனும், பல வாயிலைக் கட்டி அவற்றை அடைத்து வைத்தவனும் வழக்காடினால், வெயிலில் நிற்பவன் யார்பக்கஞ் செல்வான்? தமக்கு மதிப்பும் கல்வியும் மருந்தும் கிடைத்த இடத்தை நாடிச் சென்றவரை, சோற்றுக்காகச் சென்றார் என்று பழிப்பவர் இதனைச் சிந்திப்பாராக.

பசித்தவனுக்கு உணவைக் காட்டிச் சமயத்தை மாற்றுதல் அறமன்று என்பது உண்மையே. போரினாலும் இடப்பெயர்வினாலும் நைந்த குடிகளிடத்து அங்ஙனம் செய்வார் எவராயினும் கண்டிக்கத்தக்கவர். அவர் பெறுவது ஒல்லாந்தர் பெற்றதுபோன்ற ஏட்டுத்தொகையேயன்றி மெய்விசுவாசம் அன்று. ஆனால் அப்பசியை முன்னரே ஆற்றாதிருந்த அயலவர், பின்னர் வந்து சமயாபிமானம் பேசுதலும் அறமன்று. விதவைக்கும் அநாதைப்பிள்ளைக்கும் கைகொடுக்குங் கோயிலே பிறசமயப் பிரசாரத்துக்கு ஏற்ற விடை.

இன்னும், "எம்மதமும் சம்மதம்" என்பாரைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். எல்லாச் சமயங்களையும் கற்றுத் தன் சமயத்தில் உறைத்து நின்று அவ்வாறு சொல்வார் பெரியோர். யாதொன்றையுங் கல்லாது, யாதொன்றிலும் நில்லாது அவ்வாறு சொல்வார் ஆற்றிலே ஒருகாலும் சேற்றிலே ஒருகாலும் வைத்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மழையென்றும் வெயிலென்றும் பாராது ஆராதனைக்குச் செல்லும் அயல்வீட்டுக் கிறிஸ்தவரைக் குறுகிய மனத்தரென்று இகழும் சைவர், தாம் திருமுறையை விரித்து எத்தனை நாளாயிற்றென்று எண்ணிப்பார்ப்பாராக. சகிப்பு என்பது உடையவன் செய்வது. ஒன்றுமில்லாதவன் சகிப்பதற்கு யாதுளது?

உறுதியும் மதிப்பும் ஒருங்கே நிற்றல் கூடுமோ என்று ஐயுறுவார்க்கு இம்மண்ணே சான்று தரும். செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்றன் பாதிரியார், சைவத்தை மறுத்தற்கு வந்தவராயினும், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1854ஆம் ஆண்டிலே மேனாட்டறிஞர்க்கு அறிவித்தார். 1947ஆம் ஆண்டிலே தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாணத்து முதற் பேராயராகிய சபாபதி குலேந்திரன், கிறிஸ்து சமயத்தினும் இந்து சமயத்தினும் கூறப்படும் அருட்கொள்கையை ஒப்பிட்டு 1964ஆம் ஆண்டிலே ஆங்கிலநூல் வெளியிட்டார். அவர் தம் கிறிஸ்துவை விட்டாரல்லர். ஆயினும் நம் திருவருட்கொள்கையை உழைத்துக் கற்றார். நாவலர் பைபிலைக் கற்றமையும் இவ்வாறே. தன்னெறியில் உறைத்தவனே பிறனெறியைப் பொறுமையோடு கற்பான். தன்னெறியில் ஐயமுடையவனே பிறனெறியைக் கண்டு வெகுள்வான்.

ஆதலால் முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இது. எல்லாம் ஒன்றென்று வாளாவிருந்தார், மெய்யென்று கொண்டு இழந்தாரினும், ஆராய்ந்து மறுத்தாரினும் மெய்ப்பொருளுக்குச் சேயர். கிறிஸ்தவரின் விலக்கை நாம் ஒப்பமாட்டோம்; அதனை நியாயத்தால் மறுப்போம். அவர்தம் உறுதிப்பாட்டையோ மதிப்போம். சைவப்பெற்றோர் ஒருவரின் மகனோ மகளோ ஆராய்ந்து தெளிந்து அந்நெறியிற் செல்லத் துணியின், அழுது தடுப்பினும் அடித்துத் தடாது, வாயிலை அடையாது, வீட்டு உரிமையைப் பறியாது விடுதல் சைவமாகும். அந்நெறியினின்றும் மீண்டு வருவார்க்கும், சாதியால் வெளியே நிறுத்தப்பட்டார்க்கும் அவ்வாயிலே திறந்திருத்தல் வேண்டும். அன்பர்களே, வழி பலவென்று நாவாற் சொல்லுதல் எளிது. நம் வழியிலே நாம் நடத்தலும், நடக்க வருவாரைத் தடாமையுமே அச்சொல்லை மெய்யாக்கும். அதற்குச் சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.